அடைப்பான்

ஹமினாவில் ஒருவர் அதை
இருபது யூரோவுக்குக் கொடுத்தார்.
ட்ரெயிலருக்கு இருநூறு.
அந்தக் கணக்கிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்
எது ஓடும், எது ஓடாது என்று.

பதினோரு வருடம் பிர்ச் மரங்களுக்கு அடியில்
வாய் பிளந்து கிடந்த படகு.
உள்ளே இலைச் சேறு, ஒரு நாற்காலிக் கால்,
யாருடையதோ ஒரு நீச்சல் கண்ணாடி.
ஃபைபர் கிளாஸ் சாகாது என்றார் விற்றவர்.
அதுதான் பிரச்சினை என்றார் அவர் மனைவி.

நான் பல் கட்டுகிறவள்.
முகம் தெரியாத வாய்களுக்குப் பதினெட்டு வருடமாக.
சொத்தை இருக்குமிடம் தட்டினால் தெரியும்.
காரேஜ் கதவை இறக்கிவிட்டு
சின்னச் சுத்தியலோடு முன்முனையிலிருந்து வந்தேன்:
ணங். ணங். ணங்.
எஞ்சின் தொங்கும் பின்பலகையில்
தொப்.

ஆறு மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டேன்.
தண்ணீர் வந்தது.
இத்தனை வருடம் கரையில் நின்றும்
தனக்குள் விடாமல் வைத்திருந்த கடல்,
கறுந்தேநீர் நிறத்தில்,
இரவெல்லாம் சொட்டி
ஒரு பெயின்ட் டப்பாவைப் பாதி நிரப்பியது.
கீழே ஊற்ற மனம் வரவில்லை.
பிறகு ஊற்றினேன். நாறியது.

உள்ளிருந்த பிளைவுட்டைக் கரண்டியால் அள்ளினேன்.
கண்ணாடித் தூசி கையுறைக்குள் ஏறி
மணிக்கட்டில் குடியேறியது.
குளித்தும் போகவில்லை.
எரிச்சல் தரும் எதற்கும் ரௌனோவின் பெயரைச் சொல்வது
என் பழக்கம், விவாகரத்துக்குப் பிறகு.
அந்த வாரம் அவன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

நவம்பர்க் குளிரில் எபாக்ஸி இறுகாது.
ஆகவே சௌனாவின் மேல் பலகையில்
துண்டு விரித்து
டப்பாக்களை உட்கார வைத்தேன், விருந்தாளிகள் மாதிரி.
ஓட்சோ கதவைத் திறந்து பார்த்தான்.
பதினைந்து வயதுக்கே உரிய மெதுவோடு மூடினான்.
பொது நீச்சல் குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தான்.

சூடான டப்பா, சூடான அறை,
ஒரே தடவையில் முடிக்கும் பேராசை.
கோப்பையிலேயே கொதித்துப் புகைந்தது முதல் கலவை.
விரல் சுட, வெளியே வீசினேன்.
பனியில் ஒரு கிணறு தோண்டிக்கொண்டு
அது தரைவரை இறங்கியது.
ஏப்ரலில் கிடைத்தது:
கோப்பையின் உள்வடிவம், தேன் நிறக் கல்.
இப்போது காரேஜ் கதவுக்கு முட்டு.

பக்கவாட்டைத் தேய்த்தபோது
நீலத்துக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் சிவப்பு,
சிவப்பில் ஒரு பெயரின் வால்: ...ல்மி.
ஹெல்மியா? ஸெல்மியா?
விற்றவரைக் கேட்டேன். எனக்கும் முந்தி என்றார்.
அங்கே நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான்.
எண்பதாம் எண் காகிதம், நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
முகமூடிக்குள் என் மூச்சே இரைச்சலாக,
பெயர் மாவாகிச் செருப்பின் மேல் விழுந்தது.

இரண்டாவது ஜூனில் இறக்கினோம்.
மிதந்தது.
ஓட்சோ போனில் படம் எடுத்தான், யாருக்கும் அனுப்பவில்லை.
பாதித் தீவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்,
காலுறைக்குள் சில்லென்றது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
விட்ட காலில்
ஆழம்தான் ஏறிக்கொண்டிருந்தது.

நூற்றுப் பதினேழு கொப்புளம் அடைத்தவள் நான்.
கழன்ற திருகுகளின் துளை,
கொக்கி இருந்த துளை,
நானே போட்ட அந்த ஆறு மில்லிமீட்டர்.
மீதி, செய்தவர்களே வைத்த ஒன்று,
மழைநீர் வடிய.
அதன் பித்தளை அடைப்பான்
சமையலறை ஜன்னலில்
பாலிஷ் போட்டு
வெயிலில் இருக்கிறது.

குப்புறப் படுத்துக் கட்டைவிரலை வைத்தேன்.
அளவெடுத்த மாதிரி.
என் தொழிலில்கூட
முதல் தடவையே இப்படிப் பொருந்தியதில்லை.
அந்தப் பக்கம் கடல்
சின்னதாக, கோபமில்லாமல்,
விரல் நுனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஓட்சோ என்னைத் தாண்டிக் குனிந்து
எஞ்சினைக் கரைப்பக்கம் திருப்பினான்.
எவ்வளவு தூரம் என்றேன்.

எடுத்துடாதம்மா, என்றான்.